எஞ்சின் ரீபில்டுக்கு வண்டி குடுக்கறவங்க கவனத்துக்கு: பில்லுல பார்ட் நம்பர் இல்லனா காசு குடுக்காதீங்க

கலிஃபோர்னியால, ஃப்ரீமான்ட் சுத்துவட்டாரத்துல பழைய அமெரிக்க மஸில் கார் வச்சிருக்க நம்மாளுங்க கொஞ்ச பேர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் இது. ரோலர் கேம்னு சொல்லி அதுக்கான காசையும் வாங்கிட்டு உள்ள சாதா ஃப்ளாட் டாப்பெட் கேமை வச்சு மூடிக் குடுத்துட்டானுங்க ஒரு கடைல. (கேம்னா எஞ்சின் வால்வைத் திறக்கற தண்டு. அது மேல உக்கார்ற லிஃப்டரோட அடில உருளை இருந்தா ரோலர், சும்மா தட்டையா இருந்தா ஃப்ளாட் டாப்பெட்.) அதுவும் ரேஸ்காரன் போடற கேம். இப்ப லோப் (கேம்ல லிஃப்டரைத் தூக்கற மேடு) தேஞ்சு இரும்புத்தூள் எஞ்சின் பூரா சுத்தி, முழுசா திரும்பக் கழட்டியாச்சு.

வண்டி 1970 ஷெவல் மாலிபு. 350 வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஆக்ஸில்ல 3.08 கியர், பவர் பிரேக். ரேஸ் டிராக் பக்கமே போகமாட்டேன், வார நாள்ல 880 ஹைவே டிராஃபிக்ல நிக்கணும், ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஹாஃப் மூன் பே போய்ட்டு வரணும், இங்க பங்க்ல கிடைக்கிற நல்ல பெட்ரோலே 91 ஆக்டேன்தான், அதுக்கு ஏத்த மாதிரி பண்ணுங்கன்னு தெளிவா சொல்லித்தான் குடுத்தேன். ஓனரும் தலைய ஆட்டிட்டு, போரை 0.030 இன்ச் பெருசாக்கி ஃப்ளாட் டாப் பிஸ்டன், 64 சிசி சேம்பர் இருக்கற இரும்பு ஹெட், கம்ப்ரஷன் (சிலிண்டர்ல காத்தையும் பெட்ரோலையும் எத்தனை மடங்கு அமுக்குதுங்கற கணக்கு) 9.5 கிட்ட, அப்புறம் ஹைட்ராலிக் ரோலர் கேம்னு அடுக்கினாரு. பிளான் என்னவோ உண்மையிலேயே நல்ல பிளான்தான், இரும்பு ஹெட்டுக்கும் 91 ஆக்டேனுக்கும் 9.5 சரியா இருக்கும்.

ஆனா பில்லுல வந்தது ஒரே ஒரு வரி, "ஸ்டேஜ் 2 பெர்ஃபார்மன்ஸ் கிட்"னு. கேம் கார்டு கேட்டா பார்சல்லயே வரலைன்னாரு. (கேம் கார்டு இல்லாம எந்தக் கம்பெனியும் கேம் விக்கமாட்டான், டைமிங் நம்பர் எல்லாம் அதுலதான இருக்கு.)

ரோலர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏமாத்து வேலையே இங்கதான். 350 எஞ்சின்ல கம்பெனிலேர்ந்தே ரோலர் கேம் வர ஆரம்பிச்சது 1987லதான். அதுக்கு முந்தின பிளாக்ல போடணும்னா ரெண்டு ரெண்டா பட்டை போட்டு இணைச்ச ரெட்ரோஃபிட் லிஃப்டர் வேணும், முன்னாடி டைமிங் கவர் பக்கம் கேம் நகராம இருக்க ஒரு பட்டன் வேணும், காசு எக்கச்சக்கமா ஆகும். ஃப்ளாட் டாப்பெட் சீப், ஆனா அதுக்கு பத்தியம் ஜாஸ்தி. ஸ்டார்ட் பண்ண உடனே ஐடில்ல விடாம 2000லேர்ந்து 2500 ஆர்பிஎம்ல இருபது முப்பது நிமிஷம் ஓட்டணும், சிங்க் (துத்தநாகம், தேய்மானத்தைத் தடுக்கறது) அதிகமா இருக்கற ஆயில் ஊத்தணும், இல்லனா லிஃப்டர் சரியா சுத்தாம லோப்பைத் தின்னுடும். என்கிட்ட ரோலர்னு சொல்லி, எந்த ஆயில் வேணா ஊத்துங்க, பிரேக்-இன் எல்லாம் தேவையில்லன்னு அனுப்பிட்டானுங்க. இப்ப கடைல கிடைக்கற புது கார் ஆயில்ல சிங்க் கம்மி, அதைத்தான் ஊத்தி ஓட்டினேன். பொய் சொன்னது மட்டும் இல்ல, அந்தப் பொய்யே எஞ்சினையும் சாகடிச்சிருச்சு.

முதல் நாள்லேர்ந்தே வண்டி சரியில்ல. சிக்னல்ல டிரைவ்ல போட்டு நின்னா முன்னாடி பாய்ஞ்சுகிட்டே இருக்கும், பிரேக் பெடல் கல்லு மாதிரி, கேஜ் வச்சு பார்த்தா ஐடில்ல வேக்குவம் எட்டு ஒம்போது இன்ச்சுக்கு மேல ஏறல, அந்த வேக்குவத்தை நம்பி ஓடற பிரேக் பூஸ்டர் எங்கேர்ந்து வேலை செய்யும்? பின் சீட்ல குழந்தைங்க. கடைக்கு போன் பண்ணா, மஸில் கார்னா அப்படித்தான் குலுங்கும் அதான் அழகேன்னு சிரிக்கறாரு. அப்புறம் டிக் டிக்னு சத்தம், ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், வால்வ் கவரைக் கழட்டினா ஒரு ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்கற கை) பாதி கூட தூக்கல.

வேற ஒரு வயசான மெஷினிஸ்ட்கிட்ட கொண்டுபோனேன், என் கண்ணு முன்னாடியே பிரிச்சாரு. ரோலரும் இல்ல பட்டனும் இல்ல. டிகிரி வீல் வச்சு தேயாத லோப்பை அளந்தா 0.050 இன்ச் லிஃப்டர் தூக்கல்ல ட்யூரேஷன் (வால்வ் எவ்வளவு நேரம் திறந்திருக்குங்கறதுக்கான அளவு) 240 டிகிரிக்கு மேல. பிஸ்டன் ஃப்ளாட் டாப் இல்ல, நடுவுல குழிஞ்ச டிஷ் பிஸ்டன். ஹெட்ல காஸ்டிங் நம்பர் 882, எழுபதுகள்ல வந்த 76 சிசி ஹெட், விரிசல் விடறதுக்கே பேர் போனது. எல்லாத்தையும் சேர்த்து கணக்கு போட்டா கம்ப்ரஷன் 8.1. இவ்வளவு கம்மி கம்ப்ரஷன்ல இவ்வளவு பெரிய கேம், அது மேல ஸ்டாக் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் இணைக்கறது), 3.08 கியர்... கீழ் ஆர்பிஎம்ல இழுவையே இருக்காது, மேல போனாலும் பிரயோஜனம் இல்ல. கடைல மிச்சம் கிடந்ததை எல்லாம் என் பிளாக்குக்குள்ள தள்ளி விட்டிருக்கானுங்கன்னுதான் நான் நினைக்கிறேன். கார்புரேட்டர் கூட 750 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துங்கற அளவு) வித்தானுங்க. எஞ்சினோட 350 கன இன்ச்சை 6000 ஆர்பிஎம்மால பெருக்கி 3456ஆல வகுத்தா 607தான் வருது, தெருவுல ஓட்ட 600 தாராளம்.

குடுக்கறதுக்கு முன்னாடியே கேம், லிஃப்டர், பிஸ்டன், பேரிங் ஒவ்வொண்ணுக்கும் கம்பெனி பேரும் பார்ட் நம்பரும் எஸ்டிமேட்லயே எழுதி வாங்குங்க, இன்டேக் மூடறதுக்கு முன்னாடி லிஃப்டர் பள்ளத்தை போட்டோ கேளுங்க, ஹெட்டோட காஸ்டிங் நம்பரையும். பழைய பார்ட்ஸ் திருப்பி வேணும்னு ஆர்டர் குடுக்கும்போதே சொல்லிடணும், கலிஃபோர்னியா சட்டப்படி அது நம்ம உரிமை, அப்புறமா கேட்டா தூக்கிப் போட்டாச்சும்பான். என் பழைய ஹெட் அப்படித்தான் காணாமப் போச்சு.

ஓனர் இப்ப அடுத்த வேலைல பாதி கழிச்சுக்கறேங்கறாரு, அடுத்த வேலையாம்! பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர்ல (ரிப்பேர் கடைங்களைக் கண்காணிக்கற கலிஃபோர்னியா அரசுத் துறை) புகார் குடுத்தாச்சு, அளவெடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து. அதுல நடக்கலனா ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட், தனி ஆளுக்கு 12,500 டாலர் வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேண்டாம். புது மெஷினிஸ்ட் கிராங்க்கையும் ஆயில் வழியையும் சுத்தம் பண்ணிட்டு, 220 டிகிரி கிட்ட ஒரு கேம் போட்டா ஸ்டாக் கன்வெர்ட்டரே போதும்னு சொல்லிருக்காரு. புகார் ஓடிட்டு இருக்கறதால கடை பேரை இங்க எழுதல, ஈஸ்ட் பேல எஞ்சின் குடுக்கப் போறவங்க தனியா மெசேஜ் பண்ணுங்க, சொல்றேன்.