இந்திய டிஷ் வாங்கப் போகிறவர்களுக்கு: கார்டு யார் பெயரில் இருக்கிறது?

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வருகிற வாரத்தில் தேயிலைத் தோட்டத்துக்குள் இந்தியக் கம்பெனி டிஷ் விற்கிற வேன் வந்தால், அதில் வருகிறவர் எவ்வளவு நயமாகப் பேசினாலும் அன்றைக்கே காசைக் கொடுத்துவிடாதீர்கள். 2024 தீபாவளிக்கு முன்னால் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் சின்னம்மா வீட்டிலும், அதே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் மூன்று வீட்டிலும் நடந்ததை எழுதுகிறேன். இதே ஏமாற்று மற்ற தோட்டங்களிலும் நடப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

வந்தவர் நல்ல தமிழ் பேசினார். எல்லாரையும் அம்மா, ஐயா என்றுதான் கூப்பிட்டார். "அம்மா, 24,500தான். டிஷ், பொட்டி, வயர், பூட்டுற கூலி எல்லாம் அதுக்குள்ள. ஒரு வருசத்துக்கு நீங்க ஒரு சதம் கட்டத் தேவையில்ல. தமிழ்நாட்டுச் சேனல் அத்தனையும் வரும்" என்றிருக்கிறார். அந்த நேரம் தோட்டத்தில் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. அந்த வருசம் செப்டெம்பரில்தான் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. ஒரு முழு நாள் வேலை பதிந்தால் ஒரு பேர். அப்படிப் பதினெட்டுப் பேருக்கு மேல் விழுந்தால்தான் 24,500 சேரும். அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவில் மலையேறிக் கொழுந்தெடுத்த காசு அது. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் இந்த ஆள் என்ன செய்தார் என்பது புரியும்.

கூட வந்த பையன்கள் தகரத்துக்கு மேலே ஏறி டிஷ்ஷைப் பூட்டினார்கள். படம் கண்ணாடி மாதிரி வந்தது. பில் கேட்டதற்கு, "கடையில போட்டு வைக்கிறேன், ஹட்டனுக்கு வர்ற நேரம் எடுத்துக்குங்க" என்று சொல்லி, ஒரு கொப்பித் தாளில் "1 வருடம்" என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி இலக்கத்தைப் போட்டுக் கொடுத்தார். கடை பெயர் இல்லை, சீல் இல்லை, திகதி இல்லை. பெட்டிக்குள் இருக்கிற கார்டின் இலக்கமும், அதாவது கம்பெனி இணைப்பை அடையாளம் காணும் இலக்கமும், அதில் இல்லை.

மார்கழி முடிவதற்குள் ஒரு நாள் சாயங்காலம் நான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் நின்றது. அன்று மழை. போன் எடுத்தால், "மழைக்கு அப்படித்தான் அம்மா, விட்டா வந்துரும்" என்றார். அடுத்த நாள் நல்ல வெயில். படம் வரவில்லை. அதற்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பெருமழைக்கு டிஷ் படம் நிற்பது உண்மைதான். நம் வீடுகளுக்கு வரும் டிஷ் சேவைகள் எல்லாம் கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில் வருகின்றன. கனமழைத் துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குகிற கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விசயம். ஆனால் மழையால் நின்றால் திரையில் சிக்னல் இல்லை என்று வரும், எல்லாச் சேனலும் ஒன்றாகப் போகும், மழை குறைந்ததும் தானாகத் திரும்பி வரும். பணம் கட்டாமல் நின்றால் அப்படி இல்லை. கட்டணச் சேனல்கள் மட்டும் போகும், கம்பெனியின் சொந்த விளம்பரச் சேனலோ ஏதாவது இலவசச் சேனலோ ஓடிக்கொண்டிருக்கும், திரையில் ரீசார்ஜ் செய்யச் சொல்லி எழுத்து வரும். அந்த எழுத்து ஆங்கிலத்தில் வருவதுதான் இவர்களுக்கு வசதி. சின்னம்மாவின் மகள் அதைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் இது மழை இல்லை, பணம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. ஒரு வருசம் என்று சொன்ன பணம்.

எங்கள் குடும்பத்தில் பாதி, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி, இன்று தமிழ்நாட்டில் கூடலூரில் இருக்கிறது. அங்கே இருக்கும் அண்ணனிடம் கார்டு இலக்கங்களை அனுப்பி, கம்பெனியின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கச் சொன்னோம். அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வருசக் கட்டணம் கட்டப்படவே இல்லை. மாதம் மாதம்தான் போட்டிருக்கிறார், அதையும் நிறுத்திவிட்டார். நான்கு வீட்டுப் பெட்டியும் நான்கு இணைப்பு இல்லை. ஒரே கணக்கு. இந்தியாவில் ஒரு வீட்டில் இரண்டு மூன்று டிவி வைத்திருப்பவர்களுக்கு, முதல் டிவிக்கு முழுக் கட்டணமும் மற்ற டிவிகளுக்குக் குறைந்த கட்டணமும் வாங்குகிற ஏற்பாடு உண்டு. நம் லயத்தின் நான்கு குடும்பத்தையும் இந்த ஆள் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு முகவரியில் ஒரே குடும்பமாகப் பதிந்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டிலும் முழுக் காசு வாங்கிக்கொண்டு, அங்கே சலுகைக் காசு கட்டியிருக்கிறார். முதல் பெட்டி நின்றதும் மற்ற மூன்றும் கூடவே நின்றன. எல்லா வீட்டிலும் ஒரே சாயங்காலத்தில் இருண்டதற்குக் காரணம் அதுதான்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். அது சரிதான், வேறொருவரின் விவரத்தை அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்? பெயரை மாற்றித் தரக் கேட்டால், பதிவான கைபேசிக்கு ஓடிபி என்ற ஒருமுறை இரகசிய இலக்கம் போகும், அதைச் சொன்னால்தான் மாற்றலாம் என்றார்கள். அந்தக் கைபேசி இந்த ஆளிடமோ, இவருக்கு அங்கே உள்ள கூட்டாளியிடமோ இருக்கிறது.

அண்ணன் விடவில்லை. தன் கைபேசியிலிருந்தே நான்கு கார்டுக்கும் ஒரு மாதப் பணம் போட்டார். படம் வந்தது. லயமே சந்தோசப்பட்டது. நாங்கள் நேரடியாகப் பணம் போட்டது அந்த ஆளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, பதிவான இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும். அந்த மாதம் முடிவதற்கு முன்னாலேயே நான்கு பெட்டியும் கணக்கிலிருந்து துண்டிக்கப்பட்டன. பிறகு அவரே அழைத்தார். "இந்திய ரூபா ஏறிப்போச்சு அம்மா. மாசம் 2,800 வீதம் என்கிட்ட குடுங்க, திரும்பப் போட்டு விடுறேன்." அந்தப் பெக்கேஜ் இந்தியாவில் வரியோடு 350 ரூபாவுக்குள். அன்றைய வங்கி விலையில் ஒரு இந்திய ரூபா நம் மூன்றரை ரூபா அளவில் இருந்தது. கணக்குப் போட்டால் 1,225. மிச்சத்தை எதற்குக் கேட்கிறார்?

நான் எல்லாருக்கும் சொல்ல நினைப்பது இதைத்தான். கார்டு இலக்கம் தெரிந்தால் பணம் யார் வேண்டுமானாலும் போடலாம். நிறுத்துவது, மாற்றுவது, துண்டிப்பது எல்லாம் பெயர் உள்ளவர் கையில். டிஷ் நம் கூரையில் இருக்கலாம், பெட்டி நம் இஸ்தோப்பை (முன் திண்ணையை) தாண்டி உள்ளே இருக்கலாம், ஆனால் கணக்கு அடுத்தவர் பெயரில் இருக்கும்வரை நாம் அவருக்குக் கப்பம் கட்டுகிறவர்கள்தான்.

முறையிடலாமே என்று கேட்பீர்கள். இந்தியக் கம்பெனியைப் பொறுத்தவரை அந்த இணைப்பு தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் இருக்கிறது. மஸ்கெலியாவில் ஒரு சின்னம்மா இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இந்தியாவில் விற்கப்படும் பெட்டி இந்தியாவுக்குள் பார்ப்பதற்கென்றே விற்கப்படுகிறது. அதனால் அங்கிருந்து எந்த உதவியும் வராது. இங்கே விற்றவர்மேல் முறையிட வழி இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், இலக்கம் 1977. ஆனால் பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். இந்த ஆட்கள் அதைத் தெரிந்துதான் ஆரம்பத்தில் ஒழுங்காகப் படம் காட்டி, பிறகு மழை, வரி, ரூபா என்று நாளைக் கடத்துகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். பில்லும் இல்லையென்றால் யாரை எதிராளியாக எழுதுவது? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. "கடையில போட்டு வைக்கிறேன்" என்றால் காசையும் கடையிலேயே தருகிறோம் என்று சொல்லுங்கள்.

அப்படியானால் என்னதான் வாங்குவது என்று லயத்தில் எல்லாரும் கேட்டார்கள். நான் விசாரித்த அளவில் சொல்கிறேன்.

டிஷ்தான் வேண்டும் என்றால், இலங்கைக்குள் உரிமத்தோடு நடக்கும் டயலொக் டிவி போன்ற சேவையை உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து உங்கள் பெயரில் எடுங்கள். பெயரும் கைபேசியும் உங்களுடையதாக இருந்தால் பணத்தை எந்தக் கடையிலும் ரீலோட் செய்யலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பூட்டும் இடத்தை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். இந்தியச் செய்மதிகளில் பெரும்பாலானவை நமக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு மேலே, கொஞ்சம் கிழக்கும் தெற்குமாகச் சாய்ந்த பக்கத்தில் இருக்கின்றன. அதனால் அந்த டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்திருக்கும், மரம் அவ்வளவாக மறைக்காது. டயலொக் டிவி வருவது 45 பாகை கிழக்கிலுள்ள செய்மதியிலிருந்து. மலையகத்தில் நின்று பார்த்தால் அது கிட்டத்தட்ட மேற்கில், வானத்தின் பாதி உயரத்தில். லயத்துக்கு மேற்கே சவுக்கு, டேபன்டைன் மரங்கள் நெருக்கமாக ஓங்கி நின்றால் இடைஞ்சல் வரும். பூட்ட வருகிறவரைக் காசு வாங்குவதற்கு முன்னால் மீட்டரை வைத்து சிக்னல் பார்க்கச் சொல்லுங்கள். சின்னம்மாவின் லயத்தில் ஒரு வீட்டுக்கு மரத்தால் சரிவராமல், லயத்தின் மறுகோடியில் கம்பி நட்டு டிஷ் வைத்து வயர் இழுத்தார்கள். இப்போது நன்றாக ஓடுகிறது.

எஸ்எல்டியின் (ஸ்ரீலங்கா டெலிகொம்) பியோ டிவிக்கு நிலையான தொலைபேசி லைன் வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை டவுனுக்குள் இருப்பவர்களுக்கு நல்லது, மழைக்கும் நிற்காது. லயத்துக்கு லைன் வராத தோட்டங்களே அதிகம். டவுனை அண்டிய இடங்களில் கேபிள் இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மாதக் காசு குறைவு, முன்பணமும் சின்னது, பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் நிறுத்திவிடலாம். அவர்களிடமும் மாதாந்தம் ரசீது வாங்குங்கள்.

இணையத்தில் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முதலில் டேட்டாக் கணக்கைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி வரை, எச்டி என்றால் மூன்று ஜிபி வரை போகும். தினம் மூன்று மணித்தியாலம் சீரியல் பார்க்கிற வீட்டில் சாதாரணத் தரத்திலேயே மாதம் 90 ஜிபி வரை போகும். பள்ளத்தாக்கில் இருக்கும் லயங்களில் கைபேசிக்கே முற்றத்தின் ஒரு மூலையில்தான் சிக்னல் வரும். ரவுட்டர் வாங்குவதற்கு முன்னால், இரவு எட்டு மணிக்கு, எல்லாரும் பார்க்கிற நேரத்தில், டிவி இருக்கும் அதே காம்பராவுக்குள் கைபேசியில் வீடியோ ஓட்டிப் பாருங்கள். செய்திக்கு மட்டும் என்றால் புதிய தலைமுறை, தந்தி டிவி போன்றவை யூடியூபில் நேரலையாகவே இலவசமாக வருகின்றன.

இன்னொரு பெட்டியும் இப்போது சுற்றுகிறது. "ஆயிரம் சேனல், வாழ்நாள் முழுக்க இலவசம், இன்டர்நெட் மட்டும் இருந்தா போதும்" என்று விற்கிறார்கள். அது சேனல்காரர்களின் அனுமதி இல்லாமல் திருடி ஓடவிடுவது. திருட்டை நடத்துகிறவர் இயந்திரத்தை நிறுத்திய அன்று பெட்டி வெறும் பிளாஸ்டிக். அதே மாதிரி, கார்டே தேவைப்படாத டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியை மாதக் கட்டணம் உள்ளதுபோல விற்றதையும் கேள்விப்பட்டேன். அது இந்திய அரசின் இலவசச் சேவை. டிடி தமிழ் வரும், சின்னம்மா கேட்கிற சீரியல் சேனல்கள் வராது. அதற்கு மாதம் காசு கேட்டால் அது பச்சைக் கொள்ளை.

சும்மா ஒரு நல்ல அன்டெனா போட்டாலும் சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற இலங்கைத் தமிழ்ச் சேனல்கள் வருகிற இடங்கள் நிறைய உண்டு. காசில்லாத மாதத்தில் அது போதும். கடன்பட்டு டிஷ் போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

வேன்காரர் திரும்ப வந்தால் அவரிடம் கேட்க வேண்டியதை எழுதுகிறேன். இணைப்பு என் பெயரில், என் கைபேசி இலக்கத்தில் பதிவாகுமா? கார்டு இலக்கத்தைப் பில்லில் எழுதித் தருவீர்களா? ஒரு வருசக் கட்டணம் கட்டியதற்கான செய்தியைக் கம்பெனி அனுப்பியபடியே என் போனில் காட்டுவீர்களா? கடை எங்கே, பதிவு இலக்கம் என்ன? பதில் சொல்லத் தயங்கினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே பெட்டியின் அடியிலோ கார்டிலோ உள்ள இலக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். இந்தியாவில் சொந்தக்காரர்கள் இருந்தால் அந்த இலக்கத்தைக் கொடுத்து, பணம் எந்தத் திகதிவரை கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை என்றால், விற்றவரின் தொலைபேசி இலக்கம், வேன் இலக்கம், அவர் எழுதிக் கொடுத்த துண்டு எது இருந்தாலும் சேர்த்து முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள். தனித்தனியாகப் போகாமல் லயமாகச் சேர்ந்து கையெழுத்து வைத்துப் போங்கள்.