சென்னைக்குப் பறக்க: திருவனந்தபுரமா, வாகைக்குளமா?

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் ஏர்போர்ட் சுமார் 70 கிலோமீட்டர். தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கிற வாகைக்குளம் 110-ஐ ஒட்டி வரும். மேப்பை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் நாகர்கோவிலிலோ அதற்குக் கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி பக்கமோ இருக்கிறவர் சென்னைக்குப் போக வழி கேட்டால் வாகைக்குளத்தைத்தான் சொல்வேன்.

வளைகுடா போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. நான்கு பெருநகரங்களுக்கு வெளியே முதலில் சர்வதேச அந்தஸ்து பெற்றது திருவனந்தபுரம், 1991-இல். அங்கேதான் போக வேண்டும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைக்காரர்களுக்கும் அதுவே பக்கம். மதுரை 240 கிலோமீட்டர், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திருவனந்தபுரத்தின் மீது குமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு இருக்கும் பிடிப்புக்கு வரலாறும் ஒரு காரணம். 1935 நவம்பர் 1-ஆம் தேதி டாடா ஏர்லைன்ஸின் சிறு விமானம் தபாலோடு அங்கிருந்து பம்பாய்க்குக் கிளம்பியபோது, கோட்டாறும் பத்மநாபபுரமும் அதே திருவிதாங்கூரில்தான் இருந்தன. சரியாக 21 வருடம் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஏர்போர்ட் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. பழைய ராஜ்ஜியத்தின் மிச்சம் இன்னும் ரன்வேயிலேயே தெரியும்: பங்குனி, ஐப்பசி ஆறாட்டு (சுவாமி கடலில் நீராடும் விழா) நாள்களில் பத்மநாபசுவாமி ஊர்வலம் ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானம் இறங்காது, ஏறாது. நேரம் முன்கூட்டியே மாற்றப்பட்டுவிடும் என்றாலும், அந்த இரண்டு நாளில் டிக்கெட் போடுகிறவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வாகைக்குளத்தின் கதை வேறு மாதிரி. 1992-இல் திறந்தும், சேவை நிலைக்கவில்லை. 2006-இல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் சென்னை விமானம் மறுபடி பிடித்தது; பிறகு கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ. இத்தனை காலமும் ரன்வே வெறும் 1,350 மீட்டர். ஏடிஆர், கியூ400 மாதிரி காற்றாடி விமானம் மட்டும்தான் இறங்க முடியும். இரவில் அதுவும் கிடையாது. அதனால்தான் நம்மவர்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது ரன்வே 3,115 மீட்டர், அகலம் 45 மீட்டர், இரவிலும் இறங்கலாம். சுமார் 450 கோடி ரூபாய் செலவில் புது முனையத்தோடு 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார்.

ரன்வே நீண்டதாலேயே பெரிய விமானம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். டிக்கெட் போடும் இடத்தில் விமான வகை எழுதியிருக்கும், பாருங்கள். ஏடிஆர் என்றால் மேலே பெட்டி வைக்கும் இடம் சிறியது. சக்கரம் வைத்த பெரிய கேபின் பெட்டியை ஏணிப்படி பக்கத்திலேயே வாங்கிச் சரக்கு வைக்கும் இடத்தில் போட்டுவிடுவார்கள். லேப்டாப்பையும் மருந்தையும் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமானது சாலை. என் பார்வையில் முடிவு செய்வது அதுதான்.

பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், சுவாமியார்மடம் என்று களியக்காவிளை வரைக்கும் இரு பக்கமும் வீடும் கடையுமாக, பழைய இரண்டு வழிச் சாலை. மார்த்தாண்டம், பார்வதிபுரம் மேம்பாலங்கள் இரண்டு முடிச்சை அவிழ்த்தனவே தவிர, மற்றவை அப்படியே இருக்கின்றன. கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரி இரண்டு முன்னால் ஏறிவிட்டால் முந்த வழியில்லை. எல்லை தாண்டி காரோட்டில் பைபாஸ் பிடித்துவிட்டால் கோவளம், திருவல்லம் வழியாக ஏர்போர்ட் பக்கத்துச் சாக்கை வரை நன்றாகப் போகும். சிக்கல் முழுவதும் நம் மாவட்டத்துக்குள்ளேதான். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற பாதை, பள்ளிக்கூட நேரத்திலோ முகூர்த்த நாளிலோ இரண்டரையைத் தாண்டும்.

வாகைக்குளம் பாதையில் காவல்கிணறு ஏறியதும் நான்கு வழி. நாங்குநேரி டோல் தாண்டி, பாளையங்கோட்டை கேடிசி நகர் பக்கம் தூத்துக்குடி சாலையில் திரும்பினால் வல்லநாடு, அடுத்து வாகைக்குளம். இரண்டு மணி நேரம் வைத்தால் போதும், காலையோ மாலையோ பெரிய வித்தியாசம் இல்லை. தொல்லை கொடுக்கக்கூடிய ஓரிடம் வல்லநாடு தாமிரபரணிப் பாலம். அதில் பலமுறை ஓட்டை விழுந்திருக்கிறது. வேலை நடந்தால் ஒரே பாலத்தில் இருபுற வண்டியும் போகும். அதற்கு இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

10 மணி விமானத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டி போடும் கவுன்டர் 9 மணிக்கு மூடும். வாகைக்குளத்துக்கு 6.20-க்குக் கிளம்பினால் நிதானமாகப் போகலாம். திருவனந்தபுரத்துக்கு 5.45-க்கே கிளம்பினால்தான் மனசு நிம்மதி. 40 கிலோமீட்டர் குறைவாக இருந்தும் முன்னால் கிளம்ப வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். மேற்கே திருவனந்தபுரம் பக்கம் நான்கு வழிச் சாலை வேலை முடிந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அப்போது நானும் மாற்றிச் சொல்வேன்.

செலவிலும் ஒன்று கவனிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் பயனாளர் கட்டணம் (ஏர்போர்ட்டைப் பயன்படுத்தப் பயணி கொடுக்கும் தொகை) 506 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலையில் உள்நாட்டுப் பயணி ஏற 770, வந்து இறங்கவும் 330 என்று ஆக்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏற்றவும் அனுமதி உண்டு. டிக்கெட்டுக்குள்ளேயே சேர்ந்திருப்பதால் தனியாகத் தெரியாது. ஆகவே அடிப்படைக் கட்டணத்தை விட்டுவிட்டு மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள், அதோடு டாக்சி வாடகையையும் கூட்டுங்கள். நாலு பேர் ஒரே காரில் போனால் வாகைக்குளத்தின் கூடுதல் தூரம் பெரிதாகத் தெரியாது. ஒருவர் மட்டும் டாக்சியில் போனால் திருவனந்தபுரம்தான் மலிவாக முடியலாம்.

வாகைக்குளத்தின் உண்மையான பலவீனம், விமானங்கள் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்தது பல மணி நேரம் கழித்துத்தான். திருவனந்தபுரத்தில் வேறு நிறுவனத்தில் இடம் தேடலாம். இங்கே திருநெல்வேலிக்குத் திரும்பி இரவு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிப்பதுதான் மாற்று. அடுத்த நாளே நேர்காணல், ஆபரேஷன், விசா என்று தவறவே கூடாத வேலை இருந்தால் திருவனந்தபுரம் போங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி விமானங்கள் ரத்தாயின.

பஸ்ஸில் போகிறவர்கள் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இருந்து திருநெல்வேலி புதிய பேருந்து நிலையம் போய், தூத்துக்குடி வண்டியில் ஏறும் முன் ஏர்போர்ட் விலக்கில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். திருவனந்தபுரம் போவதானால் டிக்கெட்டில் முனையம் டி1-ஆ, டி2-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று சங்குமுகம் பக்கம், மற்றது சாக்கை பக்கம், நடுவில் ரன்வே. மாறிப் போய் இறங்கினால் சுற்றித்தான் வர வேண்டும்.