இலையைக் கேள், புழு பெயர் சொல்லும்: மூன்று வருட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. சுற்றிலும் ரப்பர், வாழை, மரச்சீனி (மரவள்ளி). விளையிலும் ரோட்டோரத்திலும் கண்ணில் படும் அந்துப்பூச்சிப் புழுக்களுக்கு மூன்று வருடமாகப் பெயர் தேடி வருகிறேன். கையில் இருப்பவை மூன்று: கைப்பேசியில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், படம் பார்த்துப் பெயர் சொல்லும் ஒரு செயலி, மூடியை வெட்டி வலைத்துணி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா. அதிகம் கற்றுக்கொடுத்தது டப்பாதான்.

செயலி, சிறகு முளைத்த அந்துப்பூச்சியைப் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது, புழுவில்தான் தடுமாறுகிறது. நந்தியாவட்டையில் கிடைத்த ஒரே புழுவை மூன்று முறை படமெடுத்தேன், மூன்று பெயர் வந்தது. முதலில் மஞ்சள் உடம்பில் நீளமான கறுப்பு வால்கொம்பு. தோலுரிக்க உரிக்கப் பச்சையாகி, கொம்பு குட்டையாகி, முன்பக்கம் நீலக் கண் இரண்டு வந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "பாம்புக் கண்ணு மாதிரி இருக்கு, கொன்னுபோடு மக்கா" என்றார். அது வெறும் புள்ளி. பயந்தால் புழு தலையை உள்ளிழுத்து அதை உப்பிக் காட்டும். கடைசியில் பழுப்பாகி டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நோய் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. கூட்டுப்புழுவாக இடம் தேடியிருக்கிறது! சருகு போட்டதும் அடங்கிற்று. பதினைந்தாம் நாள் இரவு, பச்சையும் இளஞ்சிவப்புமாக டாப்னிஸ் நேரி என்ற அந்துப்பூச்சி வெளியே வந்தது. ஆனால் ஏறித் தொங்கக் குச்சி வைக்காமல் விட்டிருந்தேன். சிறகு சுருங்கியே காய்ந்துவிட்டது. அந்தத் தவறு இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு புழுவைக் கண்டால் முதலில் செடியைத்தான் குறித்துக்கொள்கிறேன். அரளி, நந்தியாவட்டை என்றால் மேலே சொன்னது. தேக்கு இலையில் பெரிய நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தால் ஹைப்ளியா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழு. முருங்கைத் தண்டில் கூட்டமாக அப்பிக் கிடந்தால் யூப்டெரோட் என்ற இனத்தின் கம்பளிப்பூச்சி. வாழையில் இருக்கும் கம்பளிப்பூச்சியிடம் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அது ஆமணக்கையும் பூசணியையும் சேர்த்தே தின்னும்.

லென்ஸ் வாங்கியது காலெண்ண. நெஞ்சில் உள்ள மூன்று ஜோடி உண்மைக் காலுக்குப் பின்னால் சதைக்கால் ஐந்து ஜோடிவரை இருக்கலாம். இரண்டே ஜோடி என்றால் முதுகை வளைத்து அளந்து நடக்கும் வகை. ஆறோ அதற்கு மேலோ இருந்தால் அது அந்துப்பூச்சியே இல்லை, ரம்பக் குளவியின் புழு. இது தெரியாமல் ஒரு மாதம் தவறான பட்டியலில் தேடியிருக்கிறேன்.

புழுவின் முதுகில் அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் முட்டை என்று நினைக்க வேண்டாம். உள்ளே தின்று வளர்ந்த குட்டிக் குளவிகள் வெளியே வந்து கட்டிய கூடு அது. அந்தப் புழுவிலிருந்து அந்துப்பூச்சி வராது.

தென்னையில் இருக்கும் பச்சை முள்புழுவை வெறுங்கையால் தொடாதீர்கள். இலையோடு நறுக்கி எடுங்கள். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் நான் எதையும் எடுப்பதில்லை, படம் மட்டும். ஐப்பசி மழையில் டப்பா பூஞ்சை பிடிக்கும். எச்சத்தைத் தினமும் கொட்டிவிட வேண்டும்.

இப்போது சேம்பில் எடுத்த பழுப்புப் புழு ஒன்று சருகுக்கடியில் போய் எட்டு நாள். சேம்பு தின்னும் இரண்டு அந்துப்பூச்சிப் பேரினங்களில் அது ஹிப்போட்டியானா, தெரெட்ராவா என்று நோட்டில் இன்னும் எழுதவில்லை. குச்சி வைத்தாயிற்று.