குழந்தைகள் வார்டில் பாதிப்பை அளக்க: சம்பவ அறிக்கையா, டிரிகர் முறையா?

சிகிச்சையால் குழந்தைகளுக்கு நேரும் பாதிப்பைக் கணக்கெடுக்க இரண்டு வழிகள்: ஊழியர்களே எழுதித் தரும் சம்பவ அறிக்கை, கேஸ் ஷீட்டில் தடயம் தேடும் டிரிகர் முறை.

எது பிடிபடும்?
அறிக்கை: யாராவது எழுதினால்தான் உண்டு. வேலை நெருக்கடியிலும் பழிக்குப் பயந்தும் பெரும்பகுதி விடுபடும். ஆனால் மயிரிழையில் தப்பிய தவறுகள் இதில்தான் தெரியவரும்.
டிரிகர்: நாலாக்சோன் (மார்ஃபின் மிஞ்சினால் கொடுக்கும் மாற்று மருந்து) கொடுத்தது, சர்க்கரை சட்டென இறங்கியது, மூச்சுக்குழாய் டியூப் தானாகக் கழன்றது போன்றவற்றைத் தேடும். தடயம் கிடைத்தாலே பாதிப்பு என்று எழுதிவிடக் கூடாது. நாலாக்சோனுக்கு முன் போன மார்ஃபின் எவ்வளவு, கடைசியாகப் பார்த்த எடை என்ன, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று பார்த்த பிறகே முடிவு. குழந்தைக்கு டோஸ் உடல் எடையின் கிலோ கணக்கில் என்பதால் புள்ளி ஓரிடம் தள்ளினாலே பத்து மடங்கு ஏறிவிடும்.

உழைப்பு
அறிக்கை: சில நிமிடம்.
டிரிகர்: ஷீட்டுக்கு 20 நிமிட வரம்பு. இருவர் தனித்தனியே படித்து, டாக்டர் உறுதிசெய்ய வேண்டும்.

ஒப்பிட முடியுமா?
அறிக்கை: முடியாது. எண்ணிக்கை கூடினால், கூடியது பாதிப்பா எழுதும் பழக்கமா என்று தெரியாது.
டிரிகர்: டிஸ்சார்ஜ் ஆனவர்களில் குலுக்கல் முறையில் மாதம் 20 ஷீட் எடுத்து, 1000 நோயாளி நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி நாள்) எத்தனை பாதிப்பு என்று கணக்கிடலாம். பெரியவர்களுக்கான தடயப் பட்டியலை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். டிரிப் ஊசி நழுவிக் கை வீங்குவது போன்றவை தப்பிவிடும்.

பாதிப்பு குறைகிறதா என்று அறிய டிரிகர். இன்றே ஒரு மருந்து ஏற்றும் பம்ப்பையோ லேபிளையோ மாற்ற வேண்டுமென்றால் அறிக்கை.