மூன்று தசரா பார்த்துவிட்ட போன் கேமரா

இந்த போனை வாங்கி 2 வருடமும் 3 மாதமும் ஆகிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. 24,000 ரூபாய்க்குள் அன்றைக்குக் கடையில் இருந்த பத்து போன்களில் ஒன்று. கேமராவைப் பொறுத்தவரை பத்தும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். 50 மெகாபிக்சல் மெயின் கேமரா, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ், அகலமான காட்சிக்கு 8 மெகாபிக்சல் அல்ட்ரா வைடு, அப்புறம் எண்ணிக்கைக்கு, கிட்டத்தில் வைத்து எடுக்கும் ஒரு 2 மெகாபிக்சல் மேக்ரோ. பகல் படங்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வெயிலில் இன்றைக்கு எந்த போனும் நன்றாகத்தான் எடுக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் விசேஷம் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். கோயில் கொடை, கார்த்திகை, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, எல்லாவற்றுக்கும் மேலாக குலசை தசரா. ஆகவே இருட்டில் எடுத்த படங்களின் கணக்கு மட்டும் இங்கே.

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா 10 நாள் நடக்கும். விரதம் இருந்து மாலை போட்டவர்கள் காளி, குறத்தி, குரங்கு, போலீஸ் என்று வேடம் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கி, கடைசி நாள் கோயிலுக்கு வந்து சேர்வார்கள். அன்று நடுராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். போன் கேமராவைச் சோதிக்க இதைவிடக் கொடுமையான இடம் கிடையாது. ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும் ஃபோகஸ் லைட், அதற்கு இரண்டடி தள்ளி மையிருட்டு, மேலே ஓடி ஓடி எரியும் சீரியல் செட், நடுவே தப்பு மேளத்தின் அடிக்கு ஆடிக்கொண்டிருக்கும் காளி. நீங்கள் நிற்கும் இடத்திலேயே நிற்க முடியாது. கூட்டம் நகர்த்திக்கொண்டே இருக்கும்.

முதல் வருடம், இருட்டில் எடுக்கவென்றே போனில் இருக்கும் நைட் மோடை நம்பிப் போனேன். கடையில் வேறு அதைத்தான் பெரிதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், காளிக்கு எட்டுக் கை வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருக்கிறது. சூலம் பாதியில் கரைந்துவிட்டது. பின்னால் அசையாமல் நிற்கும் டீக்கடை போர்டு மட்டும் ஊசி முனை மாதிரி அவ்வளவு தெளிவு. அம்மா ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது, மத்தியானம் எடுத்தியா?” என்றாள். வானம் சாம்பல் நீலத்தில் வெளுத்துக் கிடந்தது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. லென்ஸுக்குப் பின்னால் இருந்து ஒளியை வாங்குகிற போன் சென்சார் ரொம்பச் சின்னது. அரை அங்குலச் சென்சார் என்று விளம்பரத்தில் வருவதன் உண்மையான அளவு சுமார் 6.4 மில்லிமீட்டருக்கு 4.8 மில்லிமீட்டர்தான். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் தோளில் தொங்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24. பரப்பில் 28 மடங்கு. மழை பெய்யும்போது அண்டாவை வைத்தவருக்கும் டம்ளரை வைத்தவருக்கும் உள்ள வித்தியாசம் அது. டம்ளரை வைத்துக்கொண்டு அண்டா நிறையத் தண்ணீர் பிடிக்க ஒரே வழி, திரும்பத் திரும்பப் பிடித்து ஊற்றுவதுதான். நைட் மோடு அதைத்தான் செய்கிறது. பட்டனை அழுத்தினால் ஒன்றல்ல, பல படங்கள் எடுத்து, கை நடுக்கத்தில் விலகியதைச் சரிசெய்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுக்கிறது. 4 படம் சேர்ந்தால் புள்ளி புள்ளியாய்த் தெரியும் நாய்ஸ் பாதியாகும். 16 சேர்ந்தால் கால்வாசி. 2018இல் ஹுவாவேயின் பி20 ப்ரோ போனும், அந்த வருடக் கடைசியில் கூகுளின் பிக்சல் போனில் நைட் சைட் என்ற நைட் மோடும் வந்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தது இந்த வித்தைக்குத்தான். 2019இல் ஐபோன் 11க்கும் வந்தது. இப்போது 12,000 ரூபாய் போனிலும் பெயரளவுக்காவது இருக்கிறது.

50 மெகாபிக்சல் என்பதிலும் ஒரு சங்கதி. இருட்டில் நான்கு நான்கு பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. அது தப்பில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். முழு 50இல் எடுக்கிறேன் பேர்வழி என்று ராத்திரியில் முயற்சி செய்து பார்த்தேன். பைல் பெரிதானதுதான் மிச்சம்.

இதில் யாரும் கடையில் சொல்லாத ஒன்று உண்டு. ஓஐஎஸ் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரே ஆடுகிறவரின் ஆட்டத்தை அதனால் நிறுத்த முடியாது. கோபுரம், தெரு, கடல், நிறுத்தி வைத்த புல்லட் என்றால் நைட் மோடு அற்புதம். மனுஷன் அசைந்தால் போச்சு.

இரண்டாம் வருடம் நைட் மோடை அணைத்துவிட்டு, எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற ப்ரோ மோடுக்குப் போனேன். ஷட்டர், அதாவது ஒளி விழும் நேரம், நொடியில் 1/100; சென்சார் ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்கிற ஐஎஸ்ஓ 3200. ஏன் 1/100? நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், நொடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் சுற்றுக்கு இரண்டு, ஆக நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். ஷட்டரை 1/250, 1/500 என்று வேகமாக வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100, இல்லாவிட்டால் 1/50, இரண்டில் நின்றால் பெரும்பாலும் தப்பிக்கலாம். (ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் லைட்டுக்கு இந்த உத்தரவாதமும் கிடையாது.) ஆனால் 1/100இல் ஆட்டம் முழுசாக உறையாது. அதற்கு கேமராவில் வழியில்லை, தப்பு மேளத்தில்தான் இருக்கிறது. அடி உச்சத்துக்குப் போய் முடியும் இடத்தில் ஆடுகிறவர் ஒரு கணம் நின்று முறைப்பார். நாலைந்து சுற்று சும்மா நின்று கேட்டால் அந்த இடம் காதுக்குப் பழகிவிடும். அங்கே அழுத்த வேண்டும். அப்படி எடுத்த படம் பெரிதாக்கினால் ரவை கொட்டின மாதிரிதான் இருக்கிறது. ஆனால் காளியின் கண் இருக்கிறது, வழிந்த வியர்வையில் கலைந்த சாயம் இருக்கிறது. வானம் கறுப்பாக இருக்கிறது.

சீரியல் செட் பற்றி ஒரு வார்த்தை. நைட் மோடில் பல படங்கள் சேர்வதால் ஓடுகிற விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவது போல வரும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஜவுளிக்கடை போர்டு ஞாபகம் வருகிறது.

மூன்றாம் வருடம் வேறு ஒரு பாடம். எல்லா விளக்கிலிருந்தும் நீளமாக ஒளிக்கோடு இழுத்துக்கொண்டு போனது. கேமரா கெட்டுவிட்டது என்று மனது பதறியது. கடைசியில் பார்த்தால் லென்ஸ் கண்ணாடியில் பிசுக்கு. கடற்கரையில் இரண்டு மணி நேரம் நின்றால் உப்புக் காற்று மெல்லிய படலமாகப் படியும். அதைக் கட்டைவிரலால் ஒரே இழுப்பாகத் துடைப்போம் பாருங்கள், துடைத்த திசைக்குக் குறுக்காக ஒவ்வொரு விளக்கும் கோடாக நீளும். பழைய வேட்டித் துணியில் வாயால் ஊதித் துடைத்ததும் சரியாகிவிட்டது. இந்த இரண்டு வருடத்தில் என் ராத்திரிப் படங்களைத் திருத்தியதில் பாதிப் பங்கு அந்தத் துணிக்குத்தான்.

துடைத்தும் போகாத ஒன்று பச்சைப் புள்ளி. படத்துக்குள் பளீரென்ற விளக்கு இருந்தால், படத்தின் நடுவிலிருந்து நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைப் பிம்பம் மிதக்கும். லென்ஸுக்குள்ளேயே ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. விலை கூடிய போன்களிலும் பார்த்திருக்கிறேன். போனைக் கொஞ்சம் சாய்த்து, அந்தப் புள்ளியை வெளிச்சமான இடத்தின்மேல் கொண்டுபோய் மறைத்துவிடுவேன்.

கார்த்திகைக்கு வருவோம். அகல் விளக்கு வரிசை வைத்த திண்ணையை எடுப்பது சுலபம் என்று நினைப்போம். ஆட்டோவில் எடுத்தால் சுடர் வெள்ளைப் பொட்டாக வெந்து போய்விடும்; அதன் மஞ்சளையும் போன் ‘திருத்தி’ டியூப் லைட் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் சுடரின் நிறம் 1900 அளவில் இருக்கும், நல்ல செம்மஞ்சள். அது தப்பு என்று போனுக்கு ஒரு எண்ணம். இதற்கு வழி எளிது: சுடரின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கீழே இழுக்க வேண்டும். படம் இருட்டாகும், ஆகட்டும். சுடருக்கு உருவம் வரும், அகலின் விளிம்பில் எண்ணெய் மினுங்கும். நிறத்துக்கு ப்ரோ மோடில் வைட் பேலன்ஸை, அதாவது நிறத்தைச் சரிசெய்யும் அளவை, 3000 கெல்வின் பக்கம் வைக்கிறேன். போன வருடம் அக்கா மகள் விளக்கு ஏற்றும்போது இப்படி எடுத்தேன். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் வெளிச்சம். “ஏன் மாமா இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?” என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து அதைத்தான் டிபியாக வைத்திருந்தாள்.

கன்னம் என்றதும் சொல்லியாக வேண்டிய எரிச்சல் ஒன்று. வெளிச்சம் குறைந்தால் இந்த போன் முகங்களை வெளுக்கிறது. நானும் அத்தானும் நல்ல கறுப்பு. நைட் மோடில் எங்கள் இருவருக்கும் பவுடர் அப்பியது போல ஒரு சாம்பல் பூச்சு, அதன்மேல் தோலை மெழுகாக்கும் வழவழப்பு. பியூட்டி என்ற வசதி வாங்கும்போதே பாதி அளவில் இருந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்து அணைத்தேன். அணைத்தும் முழுசாகப் போகவில்லை. கறுத்த தோலை அப்படியே காட்ட வேண்டும் என்று கூகுள் 2021இல் பிக்சல் 6உடன் ரியல் டோன் என்று தனியாக ஒரு வேலையே செய்தது. முடியாத காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் விற்க வரும் போனுக்கு இது முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. அல்ட்ரா வைடு சூரியன் இருக்கும்வரைதான். மேக்ரோவை நான் மொத்தம் ஏழு தடவை திறந்திருப்பேன். ராத்திரி வீடியோவுக்கு செட்டிங்ஸில் 50 ஹெர்ட்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பட்டை ஓடுவது நிற்கும், நாய்ஸ் நிற்காது. முதல் வருடக் கடைசியில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ராத்திரிப் படங்களில் இலை, முடி, ஓட்டுக்கூரை எல்லாவற்றுக்கும் பேனாவால் வரைந்தது போல ஓரம் கட்ட ஆரம்பித்தது. இன்றுவரை மாறவில்லை. அதற்காகத்தான் ஜிகேமுக்கு வந்தேன், அதாவது கூகுளின் கேமரா செயலியை மற்ற போன்களுக்கும் ஒத்துவருகிற மாதிரி ஆர்வலர்கள் மாற்றித் தருவது. அசையாத காட்சிக்கு இன்றும் அதுதான். இருட்டை இருட்டாக விடுகிறது. ஓடியாடும் இடத்துக்கு ஒத்துவராது. ஒரு படம் சேமித்து முடிக்குமுன் காளி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

போன மாதம் தம்பிக்கு போன் வாங்கப் போனோம். கடைக்குள் பகலைவிட வெளிச்சம். அங்கே எடுத்தால் எந்த கேமராவும் ஜோர்தான். விளக்கை அணைக்கச் சொல்ல முடியுமா? விற்பனைப் பையனிடம் கவுண்டருக்கு அடியில் கையை விட்டு மெதுவாக ஆட்டச் சொன்னேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான். “சும்மா ஆட்டு தம்பி” என்றேன். முதல் இரண்டு போனில் கை இருந்த இடத்தில் புகை. மூன்றாவதில் கொஞ்சம் நாய்ஸ்தான், ஆனால் ஐந்து விரலையும் எண்ண முடிந்தது. அதற்கு பில் போடச் சொன்னோம்.