வலது கண் அரசாங்கத்தில், இடது கண் தனியாரில்

கண்புரை ஆபரேஷனுக்கு எங்கே போகலாம் என்று பாபநாசம் பக்கத்தில் யார் கேட்டாலும் என் கடைக்குத்தான் அனுப்பி வைக்கிறார்கள். எனக்கு வலது கண் அரசு மருத்துவமனையில் ஆனது, இடது கண் தனியாரில். நான் உரமும் பூச்சிமருந்தும் விற்கிறவன். ஏக்கருக்கு எத்தனை மில்லி என்று பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்து தெரியாமல் போனதும் டாக்டரிடம் போய்விட்டேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, எந்தக் கண் நன்றாகத் தெரிகிறது என்றுதான். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. பஸ் போர்டு கண்ணாடி இல்லாமல் தெரியும், பேப்பர் படிக்க இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும். வித்தியாசமெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்தான்.

அரசு மருத்துவமனையில் எனக்குச் செய்தது சிறு கீறல் முறை. ஆறேழு மில்லிமீட்டர் கீறி, புரையை வெளியே எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பார்கள். தையல் கிடையாது. தனியாரில் செய்தது பேகோ. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாகப் புரையை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சி, மடித்த லென்ஸை உள்ளே விட்டு விரிப்பார்கள். காயம் சின்னது, சீக்கிரம் ஆறும். ஆனால் ‘நல்லா பழுக்கட்டும்’ என்று வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டு இறுகிப்போன புரைக்குக் கீறல் முறையே மேல் என்று சொல்லும் டாக்டர்கள் நிறைய. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் இப்போது பேகோ உண்டு. அதனால் அரசு என்றால் பழைய முறை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஊசி விஷயத்தில் மட்டும் தனியார்தான் சுகம். கீறல் முறைக்குக் கீழ் இமை வழியாக மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். சுருக்கென்று ஒரு குத்து, அப்புறம் கண்ணை அழுத்திப் பிடித்தார்கள், கொஞ்ச நேரத்தில் கண் இருக்கிற இடமே தெரியவில்லை. பேகோவுக்கு வெறும் சொட்டு மருந்து. முகத்தைத் துணியால் மூடி, ‘லைட்டையே பாருங்க ஐயா, இருமல் வந்தா முன்னாடியே சொல்லிடுங்க’ என்றார் டாக்டர். வெளிச்சம் நீலமும் மஞ்சளுமாகக் கலங்கியது, காதோரம் தண்ணீர் வழிந்தது, மெஷின் சத்தம் ஏறி இறங்கியது. கால் மணி நேரத்தில் எழுப்பி உட்கார வைத்துவிட்டார்கள்.

அரசு மருத்துவமனையில் காத்திருப்பது பெரிய பாடு. ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்கு ஒரு வரிசை, ஈசிஜிக்கு வேறு கட்டடம். சர்க்கரை கூடியிருந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுத்து அப்புறம் வரச் சொல்வார்கள். கூட வருகிறவருக்குக் கூலி போகும். தனியாரில் லென்ஸ் அளவு உட்பட எல்லாமே ஒரு காலையில் முடிந்தது.

அப்புறம் அந்த ஏசி அறை. ஒரு பெண் லென்ஸ் அட்டையை விரித்தார். 25,000 ரூபாயில் தொடங்கி 1 லட்சம் வரை போகிறது. ‘சார், இதைப் போட்டுக்கிட்டா கண்ணாடியே வேணாம்’ என்று விலை கூடியதையே தொட்டுத் தொட்டுக் காட்டினார். அது மல்டிஃபோகல். தூரமும் கிட்டவும் தெரியும், உண்மைதான். ஆனால் சிலருக்கு ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். அதை அந்தப் பெண் சொல்லவில்லை, நான் கேட்ட பிறகு டாக்டர்தான் சொன்னார். ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வாய்க்கால் கரையோரம் வண்டி ஓட்டிப் போகிறவனுக்கு, எதிரே வரும் டிராக்டர் விளக்கு வளையமாகத் தெரிந்தால் என்ன ஆவது? தூரம் மட்டும் தெளிவாகத் தெரியும் சாதாரண மோனோஃபோகலே போதும் என்று சொல்லிவிட்டேன். விலை கூடிய லென்ஸ் நல்ல லென்ஸ் என்று கணக்குப் போடாதீர்கள். மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனம் 1992-ல் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகு இங்கே லென்ஸ் விலை எவ்வளவோ இறங்கிவிட்டது. இலவசமாக வைக்கிறார்கள் என்பதற்காக மட்டம் என்று ஆகிவிடாது.

இன்சூரன்ஸ் இருந்தால், கண்புரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் ‘டே கேர்’ பட்டியலில் வருவதால், பணம் கிடைக்க 24 மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பல பாலிசிகளில் கண்புரைக்கு, பாலிசி எடுத்ததிலிருந்து இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

தனியாரில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. சாயங்காலம் கண்ணில் மண் விழுந்தது போல் உறுத்தல், தண்ணீர் வேறு. இது சகஜமா, இல்லை ஏதாவது ஆகிவிட்டதா? போன் போட்டால் ரிசப்ஷனில் ‘காலையில செக்கப்புக்கு வாங்க சார்’ என்றார்கள். உறுத்தலும் கொஞ்சம் தண்ணீரும் சகஜம்தான். வலி கூடிக்கொண்டே போனாலோ, நன்றாகச் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அந்த நிமிஷமே ஓட வேண்டும். அன்றைக்கு வீட்டில் அதைச் சொல்ல ஆள் இல்லை. என் வீட்டுக்காரிக்கும் புரை, சொட்டு மருந்து பாதி கன்னத்தில்தான் விழுந்தது. எனக்கு எழுதித் தந்த மருந்து முதல் வாரம் தினம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து என்று குறைந்துகொண்டே போய் ஆறு வாரத்தில் முடியும்.

வலது கண் ஆன ராத்திரி வார்டில் இருந்தேன். கொசுக்கடி, பாத்ரூமில் பல்பு எரியவில்லை, ஒற்றைக் கண்ணோடு சுவரைத் தடவித்தான் போனேன். ஆனால் பக்கத்துக் கட்டில் ஒரத்தநாட்டுப் பெரியவர் நடு ராத்திரியில் முனகியபோது நர்ஸ் வந்து பார்த்து, மாத்திரை கொடுத்து, ‘தாத்தா, கட்டுப் போட்ட பக்கம் ஒருக்களிக்காதீங்க’ என்று திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போனார். காலையில் வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா விரலை நீட்டி எத்தனை என்று கேட்க, பெரியவர், ‘மூணும்மா. நகத்துல மருதாணி வச்சிருக்கீங்க’ என்றார். பெஞ்சே சிரித்தது.

தனியார்காரர்கள் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவதில் தப்பில்லை, மருத்துவப்படி அதுதான் சரி. ஆனால் அந்த நர்ஸ் வேலை வீட்டுக்கு வந்து சேர்கிறது. இங்கே பாதி வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள், வீட்டில் இருப்பது கிழவனும் கிழவியும்தான். கடைக்கு வருகிறவர்களிடம் நான் பணத்தைப் பற்றிக் கேட்பதில்லை. சொட்டு மருந்து போட வீட்டில் யார் இருக்கிறார்கள், ராத்திரி ஏதாவது என்றால் வண்டி கிடைக்குமா என்றுதான் கேட்பேன். இரண்டும் இருந்தால் தனியார், இல்லையென்றால் அரசு. கல்யாண மண்டபங்களில் நடக்கும் இலவச முகாமும் பரவாயில்லை. அவர்களே பஸ்ஸில் கூட்டிப்போய், தங்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

அடுத்தது என் வீட்டுக்காரி முறை. பெண் பொங்கல் லீவுக்கு வருவாள், அப்போது தனியாரில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அப்போதுதான் சம்பா அறுவடை, மெஷின் தூசி தெருவெல்லாம் பறக்கும், புதுக் கண்ணை வைத்துக்கொண்டு எங்கே போவது என்கிறாள். கார்த்திகையிலேயே அரசு மருத்துவமனையில் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். பாத்ரூமுக்குப் போக ஒரு டார்ச்சும் வாங்கி வைத்துவிட்டாள்.