ஸ்குரூ கொம்பிரசரா, சென்ரிபியூகலா? நாங்கள் எடுத்தது ஸ்குரூ

போன வருசம் யாழ்ப்பாணத்தில அச்சுவேலிப் பக்கம் ஒரு ஃபாக்டரிக்கு 7 பார் பிரஷருக்குக் காத்தை அமத்துற கொம்பிரசர் தேடேக்க கடைசியா ரெண்டு மிஞ்சினது, ஒண்டு பாவிச்ச சென்ரிபியூகல், மற்றது விஎஃப்டி (பாவிப்புக்கேத்த மாதிரி மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமான்) பூட்டின புது ஸ்குரூ. ஸ்குரூவைத்தான் எடுத்தனாங்கள். விலை, சத்தம், இடமெல்லாம் ஆரும் சொல்லுவினம், விடுங்கோ.

எனக்குப் பயம் சேர்ஜுக்குத்தான். சென்ரிபியூகல் காத்தைச் சுழட்டி எறிஞ்சு பிரஷர் எடுக்கிற மிசின், பாவிப்புக் குறைஞ்சு காத்தோட்டம் ஒரு அளவுக்குக் கீழ போனா தாங்கேலாமல் காத்துத் திரும்பிப் பின்னால அடிக்கும், பேந்து முன்னால, பேந்தும் பின்னால, அதுதான் சேர்ஜ். கட்டாரில நிக்கேக்க ஒருக்காக் கேட்டனான், ஊப்... ஊப்... எண்டு மாடு மூச்சு விடுற மாதிரி, அம்மீட்டர் முள்ளு அங்கையும் இங்கையும் ஆடுது, செக் வால்வு படார் படார் எண்டு அடிக்குது. அப்பிடியே ஓடவிட்டா தண்டு முன்பின் தள்ளுறதைத் தாங்குற த்ரஸ்ட் பெயாரிங் போச்சு.

தடுக்க, மிஞ்சின காத்தை வெளிய விடுற ப்ளோ-ஓஃப் வால்வு இருக்கு, சேர்ஜ் லைனுக்கு, அதாவது சேர்ஜ் தொடங்குற எல்லைக்கு, ஒரு 10 வீதம் முன்னமே திறக்க வைப்பினம். ஆனா எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் பாவிப்பு பாதியாகும், கரண்டுக்குக் காசு கட்டி அமத்தின காத்தை வானத்துக்கு விடோணும்.

அதைவிடப் பெரிய கதை எங்கட கிணத்துத் தண்ணி. கேத்திலுக்க வெள்ளையாப் படியிற அதே சுண்ணாம்பு, ரெண்டு ஸ்டேஜுக்கும் நடுவில தண்ணியால காத்தை ஆத்துற இன்டர்கூலர் குழாயிலயும் படியும், படிஞ்சா ரெண்டாம் ஸ்டேஜுக்குக் காத்துச் சூடாவே போகும், சூட்டுக் காத்தில அதே பிரஷர் எடுக்க, காத்தைச் சுழட்டுற சில்லு இம்பெல்லருக்குக் கஷ்டம், அதால போன மாசம் ஒழுங்கா ஓடின லோட்டில இந்த மாசம் சேர்ஜ் அடிக்கும். சோளகத்தில செம்மண் தூசி பில்டரை அடைச்சாலும் இதே வில்லங்கம்தான், உள்ள வாற காத்தின்ர பிரஷர் விழ, உள்பிரஷருக்கும் வெளிப்பிரஷருக்கும் உள்ள ரேஷியோ ஏறும். கூலர் கழுவி, பில்டர் மாத்தி, வால்வு செட்டிங் பாத்துக்கொண்டே இருக்கோணும், அதுக்கு ஆள் கொழும்பில இருந்து வரோணும்.

ஸ்குரூவில சேர்ஜ் எண்ட பேச்சே இல்லை, காத்தை அடைச்சு நெரிக்கிற சாதி அது. காத்தடிச்சுக் குளிர்ற மொடலை எடுத்ததால தண்ணியும் தேவையில்லை, பொடியன் கிழமைக்கு ஒருக்காக் கூலரை ஊதிவிடுறான். சித்திரை வெயிலில ரெண்டு தரம் எண்ணெய் சூடேறி ட்ரிப் ஆனது, அதையும் சொல்லத்தான் வேணும்.

எண்ணெய் இல்லாத காத்துத் தேவையெண்டா சென்ரிபியூகல் கெட்டி. எண்ணெயில்லா ஸ்குரூவும் இருக்கு, நான் ஓட்டிப் பாக்கேல்லை. 24 மணித்தியாலமும் ஒரே லோட்டில ஓடுற பெரிய இடமெண்டா நானே சென்ரிபியூகல்தான் எடுப்பன், ஆனா அதுக்கு முதல் கூலர் தண்ணிக்குச் சுண்ணாம்பை எடுக்கிற ஒரு சொஃப்னர் பூட்டிப்போட்டு.